பெட்ரோல் காரின் ஐடிலிங் நிலையாக நிற்காதபோது காரணத்தைத் தேடும் முறை

சூடேறிய பெட்ரோல் எஞ்சின், ஆக்சிலரேட்டரில் கால் வைக்காத நிலையில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 650 முதல் 850 சுற்றுகளுக்குள் ஒரே சீராக ஓட வேண்டும்; இந்த ஓட்டமே ஐடிலிங். காலையில் முதன்முறை ஸ்டார்ட் செய்தவுடன் 1,200 முதல் 1,500 வரை எழுந்து, ரேடியேட்டர் தண்ணீர் சூடேறச் சூடேறப் படிப்படியாக இறங்குவதும், ஏசியைப் போட்டவுடன் சற்றே ஏறுவதும் இயல்பானவை. ஆனால் சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் (நிமிடச் சுற்று எண்ணிக்கை) காட்டும் முள் மாறி மாறி ஏறி இறங்குவது, 500க்குக் கீழே சரிந்து எஞ்சின் அணைந்துவிடுவது, காலை எடுத்த பிறகும் 1,500லேயே தங்கிவிடுவது, ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாததுபோல் வண்டி விட்டுவிட்டு உதறுவது ஆகியவை கோளாறுகள். ‘ஐடிலிங் சரியில்லை’ என்று இவை நான்கையும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம் என்றாலும், நான்குக்கும் காரணங்கள் வேறு. ஆகவே பணிமனைக்குச் செல்லும் முன், உங்கள் வண்டியில் நடப்பது இவற்றுள் எது என்பதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருப்பதே தேடலில் பாதியை முடித்துவிடும்.

கார்பரேட்டர் இருந்த காலத்தில் மெக்கானிக் காதைக் கொடுத்துக் கேட்டு, ஸ்க்ரூவைத் திருப்பி ஐடிலிங் வைப்பார். அந்த எஞ்சினுக்கு அது சரியான முறை. நம் நாட்டுக் கார்கள் 2000ஆம் ஆண்டையொட்டி இன்ஜெக்டர்கள் வழியே பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ முறைக்கு மாறிய பிறகு அந்த வேகத்தை முடிவுசெய்வது ஈசியு என்னும் கணினி. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது காற்று வழியைத் திறக்கும் த்ராட்டில் தட்டு மூடியிருக்கும்போது எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதை, ஆக்சிலரேட்டர் கேபிள் உள்ள கார்களில், தட்டைச் சுற்றிப் போகும் காற்றுக்கான ஐஏசி வால்வைத் திறந்து மூடியும், கேபிள் இல்லாத கார்களில் த்ராட்டில் தட்டையே மோட்டாரால் சிறிதளவு அசைத்தும் அது கட்டுப்படுத்துகிறது. நொடிக்கு நொடி வரும் சிறு ஏற்ற இறக்கங்களை ஸ்பார்க் டைமிங்கை முன்பின் நகர்த்திச் சமன்செய்கிறது. ஆகவே இன்றைய காரில் ஐடிலிங் கெட்டிருக்கிறது என்றால், ஈசியு தன்னால் இயன்றவரை சரிக்கட்டிப் பார்த்தும் முடியாமல் போயிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். த்ராட்டில் பாடியில் இருக்கும் ஸ்டாப் ஸ்க்ரூவை யாரேனும் திருப்பினால் உடனே தடுத்துவிடுங்கள். தட்டின் மூடிய நிலை மாறினால் த்ராட்டில் பொசிஷன் சென்சார் காட்டும் அளவும் மாறும். கால் எடுக்கப்பட்டிருக்கிறது என்பதையே ஈசியு அறிய முடியாமல் போய், ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

எஞ்சின் மிகக் குறைவாக மூச்சு வாங்கும் நேரம் ஐடிலிங். 1.2 லிட்டர் எஞ்சின் அப்போது நொடிக்கு ஏறத்தாழ 2 கிராம் காற்றைத்தான் இழுக்கிறது. அதையே சும்மா நிறுத்தி வைத்து 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் 6 கிராம் அளவுக்கு இழுக்கும். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் 2 மில்லிமீட்டர் விட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தால் அதன் வழியே நொடிக்கு அரை கிராம் அளவுக்குக் காற்று புகும். ஐடிலிங்கில் அது மொத்தக் காற்றில் கால் பங்கு, 2,500இல் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 4 மில்லிமீட்டர் ஹோஸ் ஒன்று முழுவதுமாகக் கழன்றுவிட்டாலோ, எஞ்சின் ஐடிலிங்கில் இழுக்கும் மொத்தக் காற்றுக்கு இணையான காற்று அதன் வழியே வந்துவிடும். சாலையில் நன்றாக ஓடும் வண்டி நின்றால் மட்டும் தடுமாறுவது இதனால்தான். எந்தச் சோதனையையும் ஐடிலிங்கில் ஒருமுறையும் 2,500இல் ஒருமுறையும் செய்து ஒப்பிட வேண்டும் என்று இக்கட்டுரை முழுவதும் நான் வலியுறுத்துவதற்கும் இதுவே காரணம்.

கருவியை எடுப்பதற்கு முன்

வண்டி உதறுகிறது என்றால் முதலில் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். முள் அசையாமல் நிற்க, ஸ்டியரிங்கும் இருக்கையும் மட்டும் அதிர்ந்தால், எஞ்சின் மவுண்ட்டின் ரப்பர் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்காக த்ராட்டில் பாடியைக் கழற்றுவது வீண். ஆல்டோ, க்விட், டியாகோ போன்ற கார்களின் மூன்று சிலிண்டர் எஞ்சின்களில் ஓரளவு அதிர்வு அமைப்பிலேயே உள்ளது. நான்கு சிலிண்டர் காரிலிருந்து மாறியவர்கள் இதைக் கோளாறாக எண்ணிவிடுகிறார்கள்.

அடுத்து, எப்போது நிகழ்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நிலையில் மட்டுமா, சூடேறிய பின்னரா, ஏசி கம்ப்ரஸர் இணையும்போதா, நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதா, பிரேக்கை மிதித்திருக்கும்போதா, பெட்ரோல் நிரப்பிவிட்டுக் கிளம்பும்போதா, மழையில் நனைந்த பிறகா, வாட்டர் வாஷ் செய்த பிறகா. இவற்றுள் ஒவ்வொன்றும் ஓர் உறுப்பை நோக்கி நேராகக் கை காட்டும். சிஎன்ஜி அல்லது எல்பிஜி கிட் பொருத்திய வண்டியாக இருந்தால், பெட்ரோலில் ஓட்டிப் பார்க்காமல் எதையும் முடிவுசெய்யக் கூடாது. பெட்ரோலில் சீராக நின்று, எரிவாயுவில் மட்டும் தடுமாறினால் கோளாறு அந்தக் கிட்டின் ரெடியூசரிலோ இன்ஜெக்டரிலோ அதன் ட்யூனிங்கிலோ இருக்கிறது.

சோதனைகளைத் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய கராஜில் சேரும் கார்பன் மோனாக்சைடு வாசனையின்றியே உயிரைப் பறிக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ரேடியேட்டர் விசிறி முன்னறிவிப்பின்றித் தானாகச் சுழலும் என்பதால் துப்பட்டா, வேட்டி, தொங்கும் சட்டைக்கை ஆகியவற்றை எஞ்சினை அண்ட விடாதீர்கள்.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

டாஷ்போர்டின் அடியில் 16 பின் ஓபிடி சாக்கெட் உள்ள காராக இருந்தால், விலை குறைந்த ஒரு ப்ளூடூத் அடாப்டரும் கைபேசிச் செயலியும் போதும். செக் எஞ்சின் விளக்கு எரியாவிட்டாலும், ஈசியு பதிந்து வைக்கும் கோளாறு எண்களான கோடுகளைப் படித்துப் பாருங்கள். பி0506 என்றால் வேகம் இருக்க வேண்டியதைவிடக் குறைவு, பி0507 என்றால் அதிகம், பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை, பி0172 என்றால் பெட்ரோல் மிகுதி, பி0300 என்றால் குறிப்பிட்டுச் சொல்ல முடியாதபடி பல சிலிண்டர்களில் மிஸ்ஸிங் (கலவை சரியாக எரியாமல் போவது), பி0301 முதல் பி0304 வரை என்றால் கடைசி எண் குறிக்கும் சிலிண்டரில் மிஸ்ஸிங். கோடு என்பது ஈசியு கண்ட அறிகுறி மட்டுமே. பி0171 வந்தவுடன் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது பலர் செய்யும் வீண் செலவு. கலவை மெலிந்திருக்கிறது என்ற உண்மையைச் சொன்ன சென்சார் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

இரவு முழுவதும் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டுத் தண்ணீரின் வெப்பநிலையையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் படியுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் அன்றைய காலை வெப்பத்துக்கு ஒத்தும் இருக்க வேண்டும். காற்று 28 டிகிரி என்று காட்ட, தண்ணீர் 5 டிகிரி என்று காட்டினால், எஞ்சின் கடுங்குளிரில் இருப்பதாக எண்ணி ஈசியு பெட்ரோலையும் வேகத்தையும் கூட்டிக்கொண்டே இருக்கும். மல்டிமீட்டரால் அளந்தால் பெரும்பாலான தண்ணீர் வெப்ப சென்சார்கள் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓமும், 80 டிகிரிக்கு மேல் சில நூறு ஓமும் காட்டும். தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டு எஞ்சின் சூடேறவே மறுத்தாலும் ஐடிலிங் உயர்ந்தே நிற்கும்.

பிறகு எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் (கலவையைச் சரிக்கட்ட ஈசியு பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் விழுக்காடு) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். சுழியத்துக்கு ஐந்து விழுக்காடு மேலும் கீழும் இருப்பது இயல்பு. பத்தைத் தாண்டினால் ஆராய வேண்டும். ஐடிலிங்கில் கூட்டல் 20 காட்டி, 2,500இல் 5க்கு இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. மாறாக, ஐடிலிங்கில் அடக்கமாக இருந்து, வேகம் கூடக் கூட ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப்போ ஃபில்டரோ ஈடுகொடுக்கவில்லை. இரண்டு நிலையிலும் ஏழெட்டு விழுக்காடு மட்டும் ஒரே அளவாகக் கூடியிருக்கும் பழைய காரில், இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே காரணமாகலாம். தூய பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று தேவைப்படும் இடத்தில் எத்தனாலுக்கு 9 பங்கு போதும்; ஆகவே கலப்பு எரிபொருளுக்குச் சற்று அதிகமாகப் பீய்ச்ச வேண்டியிருக்கிறது. அது கோளாறன்று.

காற்றை அளக்கும் முறை காருக்குக் கார் மாறும் என்பதை இங்கே கவனமாக நினைவில் வைக்க வேண்டும். ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள எஞ்சினில், சென்சாருக்குப் பின்னால் கசிந்து வரும் காற்று கணக்கில் சேராது. அதனால் கலவை மெலிந்து, எஞ்சின் தடுமாறி, ட்ரிம் ஏறும். நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் இருப்பதோ மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார். கசிவு எங்கிருந்து வந்தாலும் அது அழுத்தத்தைக் கூட்டுவதால், ஈசியு அதற்கும் சேர்த்தே பெட்ரோல் பீய்ச்சிவிடும். ட்ரிம் சுழியத்துக்கு அருகிலேயே நிற்க, வேகம் மட்டும் உயரும். ‘ட்ரிம் நன்றாக இருக்கிறது, எனவே கசிவு இல்லை’ என்று இத்தகைய காரில் முடிவுகட்டுவது தவறு. ஐஏசி வால்வின் ஸ்டெப் எண்ணிக்கையோ த்ராட்டில் திறப்பின் அளவோ வழக்கத்தைவிடக் கீழே போயிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முள் ஏறி ஏறி இறங்கினால்

இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை, தாளம் தப்பாமல் முள் 1,000க்கும் 1,800க்கும் இடையே ஏறி இறங்குவதைப் பலர் சென்சார் கோளாறு என்றே நினைக்கிறார்கள். பெரும்பாலும் அங்கே நடப்பது வேறு. ஐஏசி வால்வை முழுவதும் மூடினாலும் சமாளிக்க முடியாத அளவுக்கு எங்கிருந்தோ காற்று புகுந்து, வேகம் ஏறுகிறது. த்ராட்டில் மூடியிருக்க வேகம் மட்டும் மிகுந்திருப்பதைக் காணும் ஈசியு, வண்டி இறக்கத்தில் உருள்வதாகக் கருதிப் பெட்ரோலை அடியோடு நிறுத்துகிறது. வேகம் விழுகிறது, குறிப்பிட்ட அளவுக்கு விழுந்தவுடன் பெட்ரோல் மீண்டும் வருகிறது, வேகம் மீண்டும் ஏறுகிறது. ஆகவே தாளத்தோடு ஏறி இறங்கினால் காற்றைத் தேடுங்கள். தாளமின்றி உதறினால் மிஸ்ஸிங்கைத் தேடுங்கள். இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் தேவையற்ற உதிரிபாகங்களுக்குப் பணம் போகாது.

காற்றுக் கசிவைத் தேடுவதில் கண்ணும் காதுமே முதல் கருவிகள். ஏர் ஃபில்டரிலிருந்து த்ராட்டிலுக்கு வரும் மடிப்புக் குழாயை விரித்துப் பாருங்கள். மடிப்புக்குள் இருக்கும் விரிசல் எஞ்சின் அசையும்போதுதான் திறக்கும். ரப்பர் ஹோஸ்கள் வெயிலாலும் எஞ்சின் வெப்பத்தாலும் கெட்டிப்பட்டு, முனையில் வெடிப்பது நம் தட்பவெப்பத்தில் சாதாரணம். பிறகு, எஞ்சின் ஓடும்போது, மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய இடுக்கியால் மென்மையாக நசுக்குங்கள். எதை நசுக்கும்போது வேகம் இறங்கிச் சீராகிறதோ அந்தக் கிளையில்தான் கசிவு.

அந்தக் கிளை, பெடலை மிதிக்கும் விசையைக் கூட்டித்தரும் பிரேக் பூஸ்டருக்குப் போவதாக இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். எஞ்சினை அணைத்து, பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யும்போது பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு மேனிஃபோல்டின் வேக்கூம் (உறிஞ்சும் அழுத்தம்) கிடைக்கவில்லை. ஐடிலிங்கில் தொடங்கிய தொல்லை பிரேக்கில் போய் முடியக்கூடிய இடம் இது என்பதால், இதைச் சரிசெய்யாமல் சாலையில் இறங்கக் கூடாது.

பெட்ரோல் ஆவியை டேங்க்கிலிருந்து மேனிஃபோல்டுக்குக் கொண்டுவரும் பர்ஜ் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால், பெட்ரோல் நிரப்பிய உடனே ஸ்டார்ட் ஆகத் திணறுவதும் ஐடிலிங் தடுமாறுவதும் அதன் தனி அடையாளம். ஐடிலிங்கில் அந்த வால்வின் டேங்க் பக்கக் குழாயைக் கழற்றி விரலால் மூடிப் பாருங்கள். சூடேறிய எஞ்சினில் அது விட்டுவிட்டு உறிஞ்சலாம், ஆனால் கனெக்டரைப் பிடுங்கிய பிறகும் உறிஞ்சினால் வால்வை மாற்ற வேண்டியதுதான். எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுவரும் பிசிவி வால்வும் அதன் ஹோஸும் இதேபோல் சோதிக்கத்தக்கவை.

மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலும் இன்ஜெக்டரின் ரப்பர் வளையத்திலும் உள்ள கசிவு கண்ணுக்குத் தெரியாது. கார்பரேட்டர் க்ளீனரைத் தெளித்து வேகம் மாறுகிறதா என்று பார்க்கும் வழக்கம் பரவலாக உள்ளது. சூடான எக்ஸாஸ்ட்டுக்கு அருகில் அது தீப்பிடிக்கும் ஆபத்துடையது என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இக்னிஷன் காயில்களில் படாமல் மெல்லிய பீச்சுக் குப்பியால் தண்ணீரைத் தெளித்தாலே, கசியும் இடம் ஒரு கணம் அடைபட்டு வேகம் மாறுவதைக் காணலாம். புகை செலுத்திச் சோதிக்கும் இயந்திரம் உள்ள பணிமனை அருகில் இருந்தால் அதுவே மிகச் சிறந்த வழி.

வேகம் இறங்கி அணைந்துவிட்டால்

பிசிவி வழியாக வரும் எண்ணெய் ஆவி த்ராட்டில் தட்டின் ஓரத்தில் கரியாகப் படிகிறது. ஐடிலிங்கில் காற்று போகும் இடைவெளியே மயிரிழை அளவு என்பதால், அந்தக் கரி காற்றின் கணிசமான பங்கை அடைத்துவிடும். கால் எடுத்தவுடன் வேகம் தேவைக்குக் கீழே விழுந்து அணைவதும், ஏசி இணையும்போது திணறுவதும் இதன் வழக்கமான அடையாளங்கள்.

சுத்தம் செய்யும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். த்ராட்டில் பாடிக்கென்றே விற்கப்படும் க்ளீனரை மென்மையான துணியில் தெளித்து, தட்டின் விளிம்பையும் அது உட்காரும் வளையத்தையும் துடைக்க வேண்டும்; குழலுக்குள் வெள்ளமாக அடிக்கக் கூடாது, உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ ஆகவே ஆகாது. மின்னணுத் த்ராட்டிலில் இக்னிஷன் போட்ட நிலையில் தட்டை விரலால் தள்ளினால் உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் பழுதாகலாம். மோட்டார் எதிர்பாராமல் மூடினால் விரலும் நசுங்கும். ஐஏசி வால்வு தனியாக இருந்தால் அதன் கூம்பு முனையிலும் அது அமரும் துளையிலும் படிந்த கரியையும் எடுத்துவிடுங்கள்.

த்ராட்டில் சுத்தமாக இருந்தும் ஏசி, ஹெட்லைட் போட்டால் மட்டும் வேகம் விழுகிறதா? பேட்டரி முனைகளில் வோல்ட்டேஜ் எஞ்சின் ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையே இருக்கிறதா என்று அளந்து, எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரின் முனைகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தாளமின்றி உதறினால்

மிஸ்ஸிங் எந்தச் சிலிண்டரில் என்று தெரியாதபோது, ஓடும் எஞ்சினில் இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். நல்ல சிலிண்டராக இருந்தால் வேகம் உடனே விழும். எதைக் கழற்றியும் மாற்றம் தெரியவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய முறை உயர் மின்னழுத்தத்தால் ஆளுக்கும் காயிலுக்கும் ஆபத்து; எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும்.

சிலிண்டர் தெரிந்தவுடன், எஞ்சினை அணைத்து அதன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் குற்றவாளி காயில். நகராவிட்டால் பிளக்கை இடம் மாற்றுங்கள், பிறகு இன்ஜெக்டரை. எதையும் வாங்காமல், இருப்பவற்றை மாற்றி வைத்தே கண்டறியும் இந்த முறை எந்த ஸ்கேனருக்கும் குறைந்ததன்று. காயிலைத் தூக்கும்போது பிளக் குழிக்குள் பாருங்கள். தண்ணீர் நின்றால் வாட்டர் வாஷ்ஷின் விளைவு. எண்ணெய் நின்றால் டேப்பெட் கவரின் சீல் போயிருக்கிறது. பிளக் இடைவெளி வண்டிக்கேற்ப 0.8 முதல் 1.1 மில்லிமீட்டர் வரை இருக்கும். கையேட்டின் அளவையே பின்பற்றுங்கள்.

மூன்றையும் மாற்றிய பின்னும் அதே சிலிண்டரில் மிஸ்ஸிங் நிலைத்தால் கம்ப்ரஷன் சோதிக்க வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கு மேல் வேறுபாடு இருந்தால் வால்வோ ரிங்கோ தேய்ந்திருக்கிறது. எரிவாயுவில் நெடுங்காலம் ஓடிய கார்களில் வால்வு சீட் தேய்ந்து டேப்பெட் இடைவெளியே இல்லாமல் போவதுண்டு. அப்போது சூடேறிய பிறகு ஐடிலிங்தான் முதலில் கெடும். வேக்கூம் கேஜ் வைத்திருப்போர் மேனிஃபோல்டில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) நிலையாக நிற்கிறதா என்று காணலாம். இந்த அளவு கடல்மட்டத்துக்கு உரியது; 300 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும் என்பதால், உதகையில் 12 அங்குலம் காட்டும் எஞ்சினைக் கெட்டது என்று பிரித்துவிடக் கூடாது. எல்லாச் சிலிண்டரும் சமமாக இருந்து, முள் மட்டும் சமவெளியிலும் தாழ்வாகவே நின்றால் டைமிங் பெல்ட் ஒரு பல் தாவியிருக்கலாம், அல்லது செயின் நீண்டிருக்கலாம்.

சரிசெய்த பிறகு

த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தவுடன் ஐடிலிங் முன்பைவிட உயர்ந்து நிற்பதைக் கண்டு, வேலை கெட்டுவிட்டதாகப் பலர் அஞ்சுகிறார்கள். கரி படிந்திருந்த காலத்தில் தட்டைச் சற்று அதிகமாகத் திறந்து வைக்கக் கற்றுக்கொண்ட ஈசியு, அந்தப் பழைய அளவையே இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது. சில கார்கள் சிறிது தூரம் ஓட்டினாலே புதிய அளவைக் கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்கு ஸ்கேனர் மூலம் ஐடில் ரீலேர்னிங் செய்தாக வேண்டும். கையேட்டில் தனி முறை சொல்லப்படாத காராக இருந்தால், ஏசி, விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்து, எஞ்சின் முழுமையாகச் சூடேறி விசிறி ஒருமுறை சுழன்று நின்ற பிறகு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட விடுங்கள்; அடுத்து ஏசியைப் போட்டு இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். கோடுகளை அழித்துவிட்டு, நெரிசலிலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டிய பின், தொடக்கத்தில் எடுத்த அதே இரண்டு அளவுகளை, ஐடிலிங்கிலும் 2,500இலும், மறுபடி எடுத்துக் குறித்து வையுங்கள். அடுத்த முறை அந்த வண்டியில் ஐடிலிங் தடுமாறும்போது ஒப்பிடுவதற்கு அதன் நல்ல நிலையின் அளவுகள் கையில் இருக்கும்.